இறுகிப்போன வீல் நட், ரவுண்டான வீல் நட்: கழற்றும் வழிகள், குமரி மாவட்டத்துக் கார்காரர்களுக்கு

குமரி மாவட்டத்தில் ஓடும் காரின் வீல் நட் இறுகிப்போக முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று உப்பு. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடப்புறத்து ஊர்களில் ராத்திரி வெளியே நிற்கிற வண்டியில் நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே உப்பு ஏறும். போதாததற்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். இன்னொன்று, டயர் கடையில் காற்றழுத்தத்தால் நட்டை முறுக்கும் ஏர் கன். இரண்டில் ஏர் கன்தான் மோசம். துருவை எண்ணெய் விட்டு இளக்கலாம். அளவுக்கு மீறி முறுக்கி நீண்டுபோன ஸ்டட்டை, அதாவது நட் ஏறும் மரைத்தண்டை, பழையபடி ஆக்க வழியே கிடையாது.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: நட் அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டுமுன் ஸ்பேனரை மாற்றுங்கள். ஸ்பேனர் ஒரு தடவை வழுக்கிவிட்டால் அதோடு நிறுத்துங்கள். ஆறு மூலையும் ஒழுங்காக இருக்கும் நட்டைப் பஞ்சர் கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருவார். மூலை தேய்ந்து ரவுண்டாகிப்போன நட்டுக்கு அரை நாள் போய்விடும்.

1. முதலில் வண்டியை நிறுத்தும் இடம்

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்திலும் பார்வதிபுரம் மேம்பாலத்திலும் டயர் இறங்கினால் அங்கேயே நின்று ஜாக்கி போட நினைக்காதீர்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, நடக்கிற வேகத்தில் உருட்டிக் கீழே இறங்கிவிடுங்கள். டயர் போனால் போகட்டும். தேசிய நெடுஞ்சாலையில் நகரவே முடியாமல் மாட்டிக்கொண்டால் 1033க்குக் கூப்பிடலாம்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரோடுகளில் ஓரம் முழுக்கச் சரிவும் ஈரமண்ணுமாக இருக்கும். ஜாக்கிக்கு அடியில் ஒரு அடி சதுரப் பலகை வைக்காவிட்டால் மண்ணுக்குள் இறங்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றுக்காலத்தில் உயரமான வண்டி ஜாக்கியில் ஆடும். கதவுகளை மூடியே வையுங்கள், உள்ளே யாரும் இருக்க வேண்டாம். ஹேண்ட் பிரேக், முதல் கியர், கழற்றப்போகும் வீலுக்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ள வீலின் முன்னும் பின்னும் கல். இவ்வளவும் ஆன பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

2. நட் எது, அளவு என்ன என்று பாருங்கள்

மாருதியின் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் நட்டின் தலை 19 எம்.எம்., ஸ்டட் 12 எம்.எம்., மரை 1.25 பிட்ச் (மரையின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி, எம்.எம். கணக்கில்). ஹோண்டாவிலும் தலை 19தான், ஆனால் மரை 1.5 பிட்ச். ஹூண்டாய், டொயோட்டா கார்களில் பெரும்பாலும் தலை 21, மரை 1.5. வோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் நட்டே கிடையாது. 17 எம்.எம். தலையுள்ள 14 எம்.எம். போல்ட் நேராக ஹப்பில், அதாவது வீல் உட்காரும் நடுப்பகுதியில், இறங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாருதி நட்டும் ஹோண்டா நட்டும் ஒரே ஸ்பேனருக்குப் பிடிக்கும், பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றை மற்றதன் ஸ்டட்டில் ஏற்றினால் முதல் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். "துரு போல" என்று ஏர் கன்னை வைத்தால் மரை அறுந்துவிடும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டியில் ஒரு நட் மட்டும் நிறமோ உயரமோ மாறியிருந்தால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும்.

வீல் கப்பை எடுத்துவிட்டு, நட்டைச் சுற்றி அடைந்திருக்கும் மண்ணையும் துருப்பொடியையும் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்பேனர் அடிவரை இறங்க வேண்டும். பாதி இறங்கிய ஸ்பேனரால்தான் பாதி நட்டுகள் ரவுண்டாகின்றன. சில வண்டிகளில் நட்டின் மேல் பளபளப்பான தகட்டுத் தொப்பி போர்த்தியிருக்கும். தகட்டுக்குள் துரு ஏறி உப்பியதும் சரியான அளவு சாக்கெட்கூட (நட்டின் மேல் கவிழும் குழல் ஸ்பேனர்) போகாது. அப்போது அரை எம்.எம். பெரிய சாக்கெட்டைத் தட்டி இறக்கலாம், அல்லது தகட்டை உளியால் கீறி உரித்துவிட்டு உள்ளே இருக்கும் நட்டின் அளவை எடுக்கலாம். அந்த உள்நட் வெளித்தகட்டைவிடச் சிறியது.

சுற்றும் திசையில் குழப்பம் வேண்டாம். இன்றைய கார்களில் நான்கு வீலிலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். பழைய ஜீப்புகளில் ஒரு பக்கத்துக்கு இடது மரை வரும். ஸ்டட் முனையில் ஏதாவது எழுத்து பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

3. ஜாக்கி ஏற்றுமுன் தளர்த்துங்கள்

வீல் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியின் ஸ்பேனரில் ஏறி நிற்பது வண்டியை உங்கள் மேலேயே சாய்த்துக்கொள்வதற்குச் சமம்.

எல் ஸ்பேனரைக் கைப்பிடி இடது பக்கம் நீளும்படி, கடிகாரத்தில் ஒன்பது மணி முள் நிற்கும் இடத்தில் மாட்டுங்கள். இப்போது கீழ்நோக்கி அழுத்தினால் நட் தளரும் திசையிலேயே பலம் போகும். வலப்பக்கம் மாட்டி மேலே தூக்கினாலும் தளரும்தான், ஆனால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு கையால் ஸ்பேனரின் முழங்கையை நட்டை நோக்கி அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் அது சாய்ந்து வழுக்கும். காலால் அழுத்துவதானால் மெதுவாக உடல் எடையை ஏற்றுங்கள். குதிக்காதீர்கள். நட் ரவுண்டாவதும் கணுக்கால் சுளுக்குவதும் குதிக்கும்போதுதான்.

அசையவில்லையா? முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு அசையுமா பாருங்கள். இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைந்தாலே துருப்பிடி விட்டுவிடும். பிறகு திருப்பினால் வரும்.

4. எண்ணெய், சுத்தியல், பொறுமை

டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கும் ஸ்பிரேயை நட்டின் அடி விளிம்பில், ரிம்மைத் தொடும் வட்டத்தில் அடியுங்கள். ஸ்டட் முனை வெளியே தெரியும் திறந்த நட்டானால் முனையிலும் அடிக்கலாம். தொப்பி மூடிய நட்டின் மண்டையில் அடிப்பது வீண், மரைக்குப் போய்ச் சேரவே சேராது. 20 நிமிஷமாவது விடுங்கள். வீட்டில் நிற்கும் வண்டியானால் ராத்திரி அடித்துவிட்டு, காலையில் ஒருமுறை அடித்துவிட்டுக் கழற்றுங்கள். டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ படக்கூடாது. அலாய் வீலின் இடைவெளி வழியாகப் போகாதபடி துணியை வைத்து மறையுங்கள்.

ஸ்பிரே இல்லாவிட்டால் மண்ணெண்ணெயோ டீசலோ ஓரளவு உதவும். தேங்காய் எண்ணெய் உதவாது. நம்மூரில் கைக்கு எளிதாகக் கிடைக்கிறதென்று ஊற்றுகிறார்கள். அது துருவுக்குள் ஏறாது, வெளியே பிசுபிசுத்து மண்ணைத்தான் சேர்க்கும்.

ஊறிய பிறகு பழைய சாக்கெட் ஒன்றை நட்டில் மாட்டி, அதன் முதுகில் ஒரு கிலோ சுத்தியலால் நாலைந்து அடி நேராக அடியுங்கள். திருப்புவதைவிட இந்த அதிர்ச்சிதான் பல சமயம் வேலையை முடிக்கும். நட்டின் மீதே நேராக அடித்தால் ஸ்டட் முனை மழுங்கி, வரவேண்டிய நட்டும் வராமல் போகும். கூடம் எனும் பெரிய சம்மட்டியால் அடிப்பதும் வேண்டாம், வீல் பேரிங்கில் குழி விழும்.

கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ரிம்மில் ஏறும் சூட்டால் காற்றடைத்த டயர் உள்ளிருந்து வெந்து வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர் பிழைப்பது கடினம். அலாய் வீலானால் உலோகத்தின் பலமும் போய்விடும்.

5. நீளக் கைப்பிடி: கணக்குப் பார்த்து

வண்டியோடு வரும் எல் ஸ்பேனரின் கைப்பிடி 25 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கும். 30 சென்டிமீட்டர் முனையில் 40 கிலோ எடையை அழுத்தினால் ஏறத்தாழ 118 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஏர் கன்னில் முறுக்கிய நட்டுக்கு இது பற்றாது. அதே 40 கிலோவை 90 சென்டிமீட்டர் பைப்பின் முனையில் கொடுத்தால் 350ஐத் தாண்டும். பெரும்பாலான நட்டுகள் அதற்குள் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும்.

ஆனால் வண்டியோடு வந்த ஸ்பேனரில் பைப் போடுவது ஆபத்து. அதன் வாய் பெரும்பாலும் மெல்லிய இரும்பு, விரிந்து நட்டின் மூலையைத் தின்றுவிடும். கோட்டாறு பஜாரிலோ உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலோ அரை இன்ச் பிரேக்கர் பாரும் (சாக்கெட் மாட்டும் நீளக் கைப்பிடி), ஆறு பட்டை உள்ள ஆழமான சாக்கெட் ஒன்றும் வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் வேண்டாம். அது நட்டை மூலையில் மட்டும் பிடிக்கும், ஆறு பட்டை முகத்தில் பிடிக்கும். பிளஸ் ஸ்பேனரும் நல்லதுதான். இரண்டு கையாலும் சம பலம் கொடுக்கலாம், சாயாது.

மொத்த எடையையும் கொடுத்து, நட் நகராமல் கைப்பிடி மட்டும் ரப்பர்போல வளைவது தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்து முறிவது ஸ்டட்தான்.

பைப் கழற்ற மட்டும். இறுக்கும்போது அதை டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

6. ரவுண்டான நட்

மூலை கொஞ்சம்தான் போயிருக்கிறதென்றால் ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கலாம். 19க்கு 18, 21க்கு 20, 17க்கு 16. பன்னிரண்டு பட்டை சாக்கெட்டுக்கு வேலை இருக்கிற ஒரே இடம் இதுதான். அதன் பற்கள் ரவுண்டான தலையிலும் கடித்துக்கொள்ளும். பழைய சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், நட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

இதைவிட நம்பகமானது உள்ளே எதிர்ச்சுழியாகப் பல் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். அடித்து இறக்கி, கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். மெதுவாக, விடாமல் இழுங்கள். ஏர் கன்னில் மாட்டினால் பல் உடையும். வெளியே வந்த நட்டைச் சாக்கெட்டின் பின் துளை வழியாகக் கம்பி விட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

இரும்பு ரிம்மானால் உளி வழியும் உண்டு. நட்டின் ஓரத்தில் முதலில் நேராக ஒரு வெட்டு போட்டு, பிறகு உளியைச் சாய்த்து, கழலும் திசையில் தட்டிக்கொண்டே போக வேண்டும். அலாய் வீலில் நட் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே உளி வைத்தால் ரிம்மின் முகம் போகும்.

கடைசி வழி, ரவுண்டான நட்டின் மேல் ஒரு பெரிய நட்டை வெல்டிங் வைப்பது. இது பட்டறை வேலை. அங்கே நீங்கள் மூன்று காரியம் கேட்டுப் பெற வேண்டும்: டயரின் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குவது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது, வெல்டிங் எர்த்தைப் பாடியில் போடாமல் அந்த வீலிலேயே போடுவது. எர்த் தூரத்தில் இருந்தால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி போடும்; ரெண்டு மாசம் கழித்து வீல் ஊளையிடத் தொடங்கும்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அலாய் வீலில் வெல்டிங்குக்குச் சம்மதிக்காமல் இருப்பதே நல்லது.

7. லாக் நட்டின் சாவி தொலைந்தால்

லாக் நட் என்பது திருட்டைத் தடுக்க, தனிச் சாவியால் மட்டும் கழலும் நட். சாவியை முதலில் ஸ்டெப்னிக்கு அடியில், டூல்ஸ் பையில், டேஷ்போர்டு பெட்டியில், கதவுப் பாக்கெட்டில் தேடுங்கள். கடைசியாக சர்வீஸ் செய்த இடத்திலும் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிடைக்கவில்லையென்றால் சாவியோடு வந்த கோடு (சாவியின் அடையாள எண்) அட்டை இருக்கிறதா பாருங்கள். கோடு இருந்தால் ஆர்.சி. நகலோடு போய்ப் புதுச் சாவிக்கு ஆர்டர் கொடுக்கலாம். கைக்கு வரச் சில நாள் ஆகும். கோடு இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாஸ்டர் சாவி செட் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கம்பெனிக்கு நாகர்கோவிலில் சர்வீஸ் இல்லையென்றால் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போகவேண்டி வரும். கேட்காமல் போனால் ஒரு நாள் வீண்.

அவசரமானால் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டே இதற்கும் ஆகும். லாக் நட்டைச் சுற்றிச் சுழலும் வளையம் இருந்தால் மட்டும் அது பிடிக்காது. டிரில் போட வேண்டும். போல்ட் வகையில் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டாலே இறுக்கம் போய்விடும், ஹப்பில் மிஞ்சும் தண்டு பிளையரில் பிடித்துத் திருப்பினால் வரும்.

சாவி கையில் இருக்கும்போதே அதன் முகத்தையும் கோடையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

8. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால்

நட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. ஹப்பின் பின்னால் ஸ்டட்டைப் பிடித்திருக்கும் பற்கள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். இதில் எவ்வளவு பலம் கொடுத்தாலும் பயனில்லை. மற்ற நட்டுகளைக் கழற்றிவிட்டு, திறந்த நட்டானால் ஸ்டட் முனையில் கிரைண்டரால் இரண்டு பக்கமும் தட்டையாக்கி, சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பலாம். மூடிய நட்டானால், இரும்பு ரிம்மில் நாலு இன்ச் கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை ஸ்டட் வரை வெட்டி உளியால் பிளக்கலாம். அலாய் குழிக்குள் கிரைண்டர் போகாது. நட்டின் நடுவில் 4, 6, 10 எம்.எம். என்று படிப்படியாக டிரில் போட வேண்டும். கிரைண்டர் பொறி கண்ணாடியிலும் பெயின்டிலும் பட்டால் புள்ளி விழும், ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

முறிந்த அல்லது சுற்றும் ஸ்டட்டை மாற்ற, பின்பக்க டிரம் வண்டியில் டிரம்மைக் கழற்றிப் பின்னோக்கித் தட்டினால் போதும். முன்பக்கம் அப்படி இல்லை. சில வண்டிகளில் டிஸ்க்கின் பின்னால் ஸ்டட் வெளியே வர இடம் இருக்கும், சிலவற்றில் ஹப்பையே கழற்றிப் பேரிங்கை பிரஸ்ஸில் எடுக்க வேண்டும். கூலி இரண்டு மூன்று மடங்காவது இதனால்தான். வேலை தொடங்குமுன் எது என்று கேளுங்கள். பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டுபோய் மரை, நீளம், பற்கள் உள்ள இடத்தின் விட்டம் மூன்றையும் ஒத்துப்பார்த்துப் புதியது வாங்குங்கள்.

9. நட் எல்லாம் வந்தும் வீல் வராவிட்டால்

ரிம்மின் நடுத்துளை ஹப்போடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டுகளைத் திரும்ப மாட்டி, இரண்டு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி, இரண்டு அடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டு விட்டுவிடும். அதற்கு மேல் ஓட்டக்கூடாது. தூக்கிய நிலையில் தட்டுவதானால் ஸ்டெப்னியைக் காரின் கதவுப் படிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, டயரின் பக்கவாட்டை இடமும் வலமும் மாறி மாறி உதையுங்கள். வண்டிக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது.

10. செலவு, நேரம், காகிதம்

விலை கடைக்குக் கடை மாறும். ஒரு தோராயம் சொல்கிறேன். துரு ஸ்பிரே சிறிய டப்பா 100 முதல் 200 ரூபாய். பிளஸ் ஸ்பேனர் 300 முதல் 600. பிரேக்கர் பாரும் சாக்கெட்டும் ஆயிரம் ரூபாய்ப் பக்கம். பஞ்சர் கடையில் இறுகிய நட்டைத் தளர்த்தித் தர 50 முதல் 150 வாங்குவார்கள். ரவுண்டான நட்டை எடுக்க 200 முதல் 500. புது நட் 50 முதல் 150, ஸ்டட் அதே அளவு.

லேத் பட்டறைகளும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் நம் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கினால் திங்கள்கிழமை வரை வண்டி அங்கேயே நிற்கும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் டயர் மாற்றவும் வண்டியை இழுத்துச் செல்லவும் அவர்களே வருவார்கள், பாலிசி எண்ணும் வண்டி எண்ணும் போதும். துருவால் போன ஸ்டட்டுக்கு கிளெய்ம் கிடைக்காது. வாரண்டியில் இருக்கும் வண்டியானால் வெளியே வெல்டிங் வைக்குமுன் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுங்கள். எந்த டயர் கடையில் வேலை பார்த்தாலும் தேதி போட்ட பில் வாங்குங்கள்; அடுத்த வாரம் மரை அறுந்தது தெரிந்தால் பேச உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

11. திரும்ப மாட்டும்போது

ஸ்டட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முன்பு அடித்த எண்ணெயைத் துணியால் துடைத்து எடுங்கள். கிரீஸ் போட்டால் அடுத்த முறை சுலபமாக வருமே என்று தோன்றும். மரையில் வழவழப்பு இருந்தால் அதே முறுக்குக்கு ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். கம்பெனி சொல்லும் அளவு காய்ந்த மரைக்கானது. கிரீஸ் வேண்டிய இடம் ஹப்பின் நடு வட்டம் மட்டும், அதுவும் விரலால் தடவிய மெல்லிய படலம்.

நட்டின் அடி வடிவம் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். கூம்பு, உருண்டை, வாஷர் வைத்த தட்டை என மூன்று வகை உண்டு. ஹோண்டா, வோக்ஸ்வாகன் உருண்டை. இரும்பு ரிம்மிலிருந்து அலாய்க்கு மாறியவர்கள் பழைய நட்டையே போடலாமா என்று அலாய் விற்ற கடையில் கேட்டே ஆகவேண்டும். வடிவம் மாறினால் கோடு அளவு மட்டுமே தொடும், ஓடும்போது தளரும்.

முதலில் கையால் திருகுங்கள். 1.5 பிட்ச்சில் குறைந்தது 8 சுற்று, 1.25இல் 10 சுற்று கையாலேயே ஏற வேண்டும். அதற்கு முன்பே இறுகினால் மரை கோணியிருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். நான்கு நட்டானால் குறுக்காக, ஐந்தானால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றைவிட்டு ஒன்று. வண்டியை இறக்கிய பிறகு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம். சிறிய கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், போலோ போன்ற 14 எம்.எம். போல்ட்டுக்கு 120. உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருப்பதே சரியான கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் வண்டியோடு வந்த எல் ஸ்பேனரைக் கையால் மட்டும், காலை வைக்காமல் நன்றாக இறுக்கினால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும்.

டயர் கடையில் வீல் அலைன்மென்ட்டுக்கோ பஞ்சருக்கோ விட்டால், ஏர் கன்னால் ஓட்டிவிட்டுக் கடைசி இறுக்கத்தைக் கையால் போடச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டும் தளர்கிறதா என்று பார்த்து, திரும்ப அளவாக இறுக்கிக்கொள்ளுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, டயர் ஆறியிருக்கும்போது, இன்னொரு தடவை.